ரஞ்சனி ஷெட்டரின் சிற்பங்களை எப்படிப் பார்ப்பது? குன்னூர் ஈரத்தில் அப்படி ஒன்று நிற்குமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு சிற்ப மாணவி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. ரஞ்சனி ஷெட்டரின் சிற்பங்களைப் படங்களில் பார்த்திருக்கிறார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வளைத்து, அதன்மேல் மஸ்லின் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் போர்த்திய வேலைகள். "இது கைவினை, சிற்பமல்ல" என்று வகுப்பில் ஒரு கட்சி. "எஃகு இருப்பதால்தான் நவீனம், இல்லாவிட்டால் திருவிழாப் பொம்மை" என்று இன்னொரு கட்சி. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடி (லாண்டானா) குச்சியால் உருவாகும் யானைச் சிற்பங்களும் இதே இனந்தானா என்பது அடுத்த சந்தேகம். கடைசியாக, நீலகிரியின் மழையிலும் மூடுபனியிலும் இப்படி ஒன்றைச் செய்தால் நிற்குமா என்று கேட்கிறார்.

நான் கலை விமர்சகன் அல்ல. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சிற்பிகளுக்கும் அவ்வப்போது சட்டகம் வளைத்துக் கொடுப்பதுண்டு. அதனால் என் பார்வை வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பது. அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் வகுப்பின் இரண்டு கட்சிகளுமே பொருளின் பெயரைப் பார்த்து வாக்களிக்கின்றன. நான் பார்க்கச் சொல்வது, கைவினையும் ஆலைப்பொருளும் ஒன்றையொன்று தொடும் இடத்தை. அங்கே ஒன்றில்லாமல் மற்றொன்றால் நிற்க முடியாது என்ற நிலை இருந்தால் வேலை உயிரோடு இருக்கிறது. ஒன்றின் மேல் மற்றொன்று சும்மா ஒட்டப்பட்டிருந்தால், எத்தனை பெரிய அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அது அலங்காரம்.

ஷெட்டர் 1977இல் பெங்களூரில் பிறந்தவர். அங்குள்ள சித்ரகலா பரிஷத்தில் சிற்பம் படித்தவர். இப்போது கர்நாடகக் கிராமப்புறத்தில் வாழ்ந்து வேலை செய்கிறார். 'சிங் அலாங்' (2008–09), 'செவன் பாண்ட்ஸ் அண்ட் எ ஃப்யூ ரெயின்டிராப்ஸ்' (2017) ஆகியவை நீங்கள் சொல்லும் எஃகு–மஸ்லின் வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வேலை 2018இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. கூரையிலிருந்து தொங்கும் வளைவுகள், அவற்றின் நடுவே இழுத்துப் போர்த்திய துணி, சுவரில் விழும் நிழல். படத்தில் பார்ப்பவருக்கு இலை, குளம், சிப்பி என்று என்னென்னவோ தோன்றும். எனக்கு முதலில் தோன்றுவது வேறு: இந்தக் கம்பிக்கு ஏன் துருப்பிடிக்காத எஃகு?

காரணம் பசையில் இருக்கிறது. புளியங்கொட்டையை வறுத்து, மேல்தோலை இடித்து நீக்கி, உள்ளிருக்கும் பருப்பை ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் வழுவழுப்பான கூழ் கிடைக்கும். கம்பளி நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போட்டது இதில்தான். கொண்டபல்லிப் பொம்மைக்காரர்கள் மரத்தூளோடு இதைக் கலந்து உறுப்புகளை ஒட்டுகிறார்கள். கர்நாடகத்தின் கின்னாள பொம்மை மரபிலும் இந்தப் பசை உண்டு. ஷெட்டர் பயன்படுத்திக்கொண்ட மரபுகளில் அதுவும் ஒன்று. பருப்பில் வம்பில்லை. ஆனால் மேல்தோல் முழுக்க டானின் என்ற துவர்ப்புப் பொருள். அது இரும்பைத் தொட்டால் கருநீலமாக மாறும். கடுக்காய் தோய்த்த துணியில் இரும்புக் கரைசலை இட்டதும் கறுப்பு பிறக்கிறதே, காளஹஸ்தியிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கலம்காரிக் கோடு போடுவது அப்படித்தானே, அதே வேதியியல். துணிச்சாயத்தில் அது வரம். சாதாரண இரும்புக் கம்பிமேல் வெள்ளை மஸ்லினைப் போர்த்துகிறவருக்கு அது சாபம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நம் மலையிலேயே ஓர் உதாரணம் இருந்தது. ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புக் கூடத்தில் யாரோ இதே பாணியில் ஒரு பெரிய பூவைத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பி சாதாரண இரும்பு, மேலே பெயருக்கு ஒரு பெயின்ட். பசையில் தோல் சரியாக நீக்கப்படவில்லை போலும். முதல் மழைக்காலம் முடிவதற்குள் கம்பி ஓடிய வழியெல்லாம் துணியில் கருநீலக் கோடு இறங்கிவிட்டது; பற்றவைத்த இடங்களில் மட்டும் செம்பழுப்புத் துரு. விடுதிக்காரர் அதைக் கழற்றச் சொல்லி என்னை அழைத்தபோது, "இது டிசைனா, கறையா?" என்று கேட்டார். கறைதான். சிற்பி அதை வேண்டுமென்றே வரவழைத்திருந்தால் நல்ல டிசைன்.

ஆக, ஷெட்டர் துருப்பிடிக்காத எஃகை எடுப்பதை நவீனத்துக்கான அடையாள அட்டை என்று நான் படிப்பதில்லை. இந்தப் பசை, இந்தத் துணி, இந்த வெளுப்பு வேண்டுமென்றால் கம்பி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கட்டாயம் உண்டு. ஈரமாக இருக்கும்போது தொளதொளத்துக் கிடக்கும் மஸ்லின் காயும்போது சுருங்கி இழுக்கும். கம்பி மெல்லியதாக இருந்தால் வளைவே கோணிப்போகும். கம்பியைத் தடித்தால் தொங்கும் வேலையின் இலகு போய்விடும். எனவே கம்பியின் தடிமனைத் தீர்மானிப்பது எஃகுக் கணக்கு மட்டுமல்ல, காய்கிற துணியின் இழுப்பும். அடுத்து, ஒரே தளத்தில் இல்லாத ஒரு மூடிய வளைவின்மேல் துணியை இழுத்துக் கட்டிப் பாருங்கள். துணி தானாகவே குதிரைச் சேணம் போல ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக வளைந்து நிற்கும். அந்த வடிவத்தை யாரும் செதுக்கவில்லை. கம்பி விளிம்பைச் சொல்கிறது, துணி நடுப்பரப்பைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. உங்கள் வகுப்பில் "இதில் சிற்பம் எங்கே" என்று கேட்கிறவருக்கு நான் காட்டுவது இந்த நடுப்பரப்பைத்தான்.

அவருடைய வேறு இரண்டு வேலைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் அல்ல என்பது விளங்கும். 'டச் மீ நாட்' (2006–07) சென்னபட்டணத்து அரக்குக் கடைசலை எடுத்துக்கொள்கிறது. அந்த ஊர்ப் பொம்மைகளின் வழக்கமான மரம் நம் வெட்பாலை. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். தூரிகையே கிடையாது. ஷெட்டர் அந்த மெருகைப் பொம்மையிலிருந்து பிரித்து, சிறு சிறு துண்டுகளாகச் சுவரெங்கும் பரப்பிவிட்டார். அதே ஆண்டுகளில் 'மீ, நோ, நாட் மீ' என்று தொடங்கும் நீண்ட தலைப்புள்ள இன்னொரு வேலை: கழித்துக்கட்டிய கார்களின் தகரத்தைக் கீற்றுகளாக்கிக் கூடை முடைவதைப் போல முடைந்தது. மூங்கில் கீற்று விரலுக்கு வளைந்துகொடுக்கும், தகரம் வெட்டும். மூங்கில் முடைபவர் கையில் இருக்கும் தாளம் தகரத்தில் கிடைக்காது. அந்த இழுபறி அப்படியே வடிவத்தில் தெரிகிறது. எனக்கு அவருடைய வேலைகளில் மிகப் பிடித்தது இதுதான். விமர்சகர்கள் மென்மையான தொங்கு சிற்பங்களையே அதிகம் கொண்டாடுகிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்கூடை போய் நைலான் பை வந்துவிட்ட ஊர்க்காரர்கள் நாம். கூடை முடையும் கை இன்னும் எத்தனை வீடுகளில் மிச்சமிருக்கிறது என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள். சிற்பிக்கு அது ஏக்கத்துக்கான விஷயமல்ல, நேரடியான வேலை விஷயம்: கற்றுக்கொள்ள ஆள் கிடைக்குமா, கிடைக்காதா?

இது கர்நாடகத்திலோ வெளிநாட்டிலோ திடீரென்று முளைத்த சிந்தனை என்று தமிழ் மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. சென்னை ஓவிய, சிற்பக் கல்லூரி 1850இல் தொடங்கியபோதே தொழிற்பள்ளியாகத்தான் தொடங்கியது. உலோக வேலை அங்கே பாடம். அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. நிலம் வாங்கப் பணம் வந்த வழியைக் கவனியுங்கள்: ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். கைவினை சம்பாதித்துக் கொடுத்த மண்ணில் உட்கார்ந்துகொண்டுதான் தமிழ்நாட்டின் நவீனக் கலை வளர்ந்தது. உங்கள் வகுப்பின் முதல் கட்சிக்கு இதைச் சொல்லுங்கள்.

அந்த வட்டத்தில் பி.வி. ஜானகிராம் (1930–1995) உங்களுக்கு மிக முக்கியமானவர். கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் எப்படிச் செய்யப்படுகிறது? தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி முன்பக்கம் புடைக்கவைப்பார்கள். ஜானகிராம் செப்புத் தகட்டை அப்படியே தட்டி, மேலே கம்பி இழைகளைப் பற்றவைத்து, முன்னிருந்து பார்ப்பதற்கென்றே நிற்கும் உருவங்களைச் செய்தார். உருவத்தைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்ற மேற்கத்திய விதியை அவர் பொருட்படுத்தவில்லை. கருவறைக்கு முன் நிற்கிற நாம் சுற்றிவந்தா பார்க்கிறோம்? பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) அதே முன்முக வழியில் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கொடிபோலப் படரவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். படத்தில் பார்ப்பதற்கும் தகட்டில் சுத்தியல் விழுந்த தடத்தை நேரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் அதிகம்.

கயிற்று முடிச்சுகளாலேயே ஆளுயர உருவங்களைச் செய்த மிருணாளினி முகர்ஜி (1949–2015), மதுப்புட்டி மூடிகளைச் செப்புக் கம்பியால் தைத்துத் திரைச்சீலையாக்கும் கானா நாட்டவரான எல் அனட்சுய் ஆகியோரையும் தேடிப் பாருங்கள். அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் நம் மலைக்குத் திரும்ப முடியாது.

உண்ணிச்செடி யானைகளுக்கு வருவோம். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குள் வந்தது. இப்போது முதுமலைக் காட்டின் அடித்தளத்தையே பெருமளவு பிடித்துக்கொண்டிருக்கிறது. புல்லும் உள்ளூர்ச் செடியும் அதன் கீழே எழ முடிவதில்லை. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்தே இதை வேகவைத்து வளைத்து நாற்காலி, மேசை என்று செய்துவந்தார்கள். கூடலூர்ப் பக்கத்தில் அது யானையாயிற்று. ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்ற கூட்டமைப்பில் பெட்டக்குரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர்கள் செய்கிறார்கள். சுப்ரா நாயர் வடிவமைத்தார். யானை–மனித உறவை ஆராயும் தர்ஷ் தேக்கேகரா இந்த முயற்சியின் பின்னணியில் இருப்பவர்களில் ஒருவர். 2021இல் லண்டன் பூங்காக்களில் இந்த யானைகள் நின்றன. 2024 ஜூலையில் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க், மயாமி பீச் என்று ஊர்வலம் போயின.

செய்முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. முதலில் இரும்புக் கம்பியால் முழு யானைக்கும் சட்டகம். இதில் தவறினால் பின்னால் திருத்த வழியில்லை. வெட்டிவந்த உண்ணிக் குச்சிகளைத் தண்ணீரில் வேகவைத்துப் பட்டையை உரிப்பார்கள். சூடும் ஈரமும் இருக்கும்வரை குச்சி வளையும். அதற்குள் சட்டகத்தின்மேல் வளைத்துப் பொருத்தி ஆணியடித்து இறுக்க வேண்டும். குச்சிகள் ஓடும் திசையைப் பாருங்கள்: தோள்பட்டையிலிருந்து முன்னங்காலுக்கு, தும்பிக்கையின் அடிவாரத்திலிருந்து நெற்றிக்கு, தசை ஓடும் வழியிலேயே குச்சியும் ஓடுகிறது. குறுக்கே ஓடினால் யானை வேலியாகிவிடும். காட்டில் யானையைப் பார்த்தே வளர்ந்த கை என்பதால் அந்தத் திசை தவறுவதில்லை. இந்த யானைகள் நீலகிரியில் நடமாடும் உண்மையான யானைகளைப் பார்த்தே செய்யப்படுகின்றன.

இதே இனமா என்றால், பாதி ஆம். இங்கேயும் ஆலைக் கம்பி, கைப்பக்குவம் இரண்டும் சேர்கின்றன. ஆனால் கம்பி இங்கே வேலைக்காரன். முடிந்ததும் உள்ளே மறைந்துவிடுகிறது. ஷெட்டரிடம் கம்பியின் கோடே பார்வைக்கு வைத்த கோடு. யானையைப் பார்ப்பவர் "கம்பியா, எங்கே?" என்று கேட்டால் வேலை வெற்றி. ஷெட்டரின் வேலையில் அப்படிக் கேட்டால் தோல்வி. இதில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று நான் சொல்லவில்லை. யானைக்கு வேறு நோக்கம் இருக்கிறது: களையை அகற்றுவது, கூலி, காட்டுக்குப் பணம், நகரத்தாருக்கு யானையின் உண்மை அளவைக் காட்டுவது. அந்த நோக்கத்துக்கு அது கச்சிதம். ஒரே ஒரு குறை என் மனதில் உண்டு. வெளிநாட்டுச் செய்திகளில் யானைகளின் பெயர் வரும் அளவுக்கு அவற்றை முடைந்தவர்களின் பெயர் வருவதில்லை. குழுவாகச் செய்த வேலையில் இது எளிதாக நடந்துவிடுகிறது. எளிதாகத் திருத்தவும் கூடியது.

கைவினை ஒருபுறம், ஆலை மறுபுறம் என்று கோடு போடுகிறவர்கள் நீலகிரியைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்பு இங்கே ஆலையோடு வந்ததல்ல. நீலகிரிப் பழங்குடியான கோத்தரின் ஊர்கள் ஏழும் இரும்பு வேலைக்குப் பெயர்போனவை. அவர்களில் ஆண்கள் கொல்லுவேலையும் வெள்ளிவேலையும் செய்தார்கள், பெண்கள் பானை வனைந்தார்கள். தோடருக்கும் படகருக்கும் கத்தி, அரிவாள், சட்டி எல்லாம் அங்கிருந்துதான் போயின. அப்படியானால் ஆலை கொண்டுவந்தது என்ன? ஒரே சீர். 6 மி.மீ. கம்பி என்றால் இந்த முனையிலும் 6, அந்த முனையிலும் 6, அடுத்த லோடிலும் 6. கொல்லன் அடித்த கம்பி அப்படி இருக்காது; உண்ணிக் குச்சி இருக்காது; கையால் காய்ச்சிய பசை ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. சீரான ஒன்றும் சீரில்லாத ஒன்றும் சந்திக்கும்போது யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைச் சிற்பத்தில் தேடுங்கள். பார்ப்பதற்கு இதைவிட உபயோகமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பாடம் படிக்க மெட்ரோபாலிடன் வரை போக வேண்டாம். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே உள்ள தோடர் குடியிருப்பான மந்துக்குப் போங்கள். வளைகூரை அமைப்பைக் கவனியுங்கள்: மூங்கிலும் பிரம்பும் கட்டுக்கட்டாக அரைவட்டமாக வளைக்கப்பட்டு, பிரம்பாலேயே இறுக்கப்பட்டு, மேலே புல் வேயப்பட்டிருக்கும். சட்டகமும் போர்வையும் என்ற முழுச் சித்தாந்தமும் அங்கே இருக்கிறது, ஆணி ஒன்றுகூட இல்லாமல். முத்தநாடு மந்தில் உள்ள கூம்புக் கோயிலை வெளியிலிருந்து பாருங்கள். அவை வழிபாட்டிடங்கள், கேட்காமல் நெருங்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். தோடர் பூத்தையலின் வடிவங்களை அப்படியே எடுத்து உங்கள் சிற்பத்தில் ஒட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை; அது நான் மேலே சொன்ன ஒட்டுவேலை ஆகிவிடும். இழையை எண்ணி எண்ணித் தைக்கும் அந்த முறையைக் கற்றுக்கொள்ள முடிந்தால், அதைக் கம்பிவலையில் செய்து பார்க்கலாம். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குப் போடும் கம்பிவலை பழசாகிக் கழிந்து கிடைக்கும். அதன் கண்கள் எண்ணித் தைக்க ஏற்ற சதுரம்.

தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பழைய சி.டி.சி. ரோலர்களைக் கண்டு ஆசைப்படாதீர்கள். குன்னூரில் அவற்றைத் தீட்டிக் கொடுக்கும் பட்டறைகள் பல உண்டு. தீட்டித் தீட்டி விட்டம் குறைந்ததும் பழைய இரும்புக்குப் போய்விடும். பற்கள் பார்க்க அழகாக இருக்கும். இளம் சிற்பிகள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கனம் அதிகம், வெட்டுவது கடினம், எந்தக் கைவினையும் அதன்மேல் பிடிக்காது. பீடத்தில் வைத்து விளக்குப் போட்டால் பழைய ரோலராகவேதான் இருக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நிற்குமா? உள்ளே, கூரைக்குக் கீழே, கவனமாகச் செய்தால் நிற்கும். ஷெட்டரின் பெரிய தொங்கு சிற்பங்கள் 2023இல் லண்டன் பார்பிகன் மையத்தின் கண்ணாடித் தாவரக்கூடத்திலேயே, செடிகளுக்கு நடுவே தொங்கவிடப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் ஈரப்பதம் குறைவாக இருக்காது. ஆனால் அவருடைய மேற்பூச்சும் வேலைத்தரமும் வேறு; முதல் முயற்சியிலேயே அதை எதிர்பார்த்து மழையில் தொங்கவிடாதீர்கள்.

மலையில் எதிரி இரண்டு: பற்றவைத்த இடத்துத் துரு, பசையில் பூஞ்சை. துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும், நாம் கெடுத்தால். சாதாரண இரும்பை அரைத்த அதே சக்கரத்தால் இதை அரைத்தால் இரும்புத்தூள் பரப்பில் பதிந்து அங்கிருந்து துரு கிளம்பும். சக்கரம், கம்பித்தூரிகை எல்லாம் தனியாக வையுங்கள். பட்டறைக்குக் கொடுத்தால் நின்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் எந்தப் பட்டறையிலும் இதைத்தான் முதலில் கோட்டைவிடுவார்கள். ஆர்கான் வாயு விட்டு டிக் வெல்டிங்தான் சரி. பற்றவைத்தபின் பக்கத்தில் நீலமும் வைக்கோல் நிறமுமாக ஒரு வண்ணம் படரும். பலருக்கு அது அழகாகத் தோன்றும். அந்த இடத்தில் குரோமியம் குன்றியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. எடுக்காமல் துணி போர்த்தினால் நாளைக்கு அங்கேதான் பழுப்பு. பிக்ளிங் பேஸ்ட் தடவிக் கழுவ வேண்டும். அதில் இருக்கும் அமிலம் எலும்புவரை போகக்கூடியது. கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். பட்டறையில் விட்டு அவர்களையே செய்யச் சொல்வது நல்லது.

வளைக்கும்போது இந்த எஃகு சாதாரணக் கம்பியைவிட அதிகமாகத் துள்ளித் திரும்பும். உங்கள் வரைபடத்தைவிடச் சற்று இறுக்கமாக அச்சு வைத்தால்தான் வேண்டிய வளைவு வரும். ஒரே இடத்தை முன்னும் பின்னும் வளைத்துத் திருத்தாதீர்கள். அந்த இடம் மட்டும் கெட்டிப்பட்டு, பிறகு வளைவு முறிந்ததுபோல் தெரியும். கைவிரிப்பு அளவுள்ள வேலைக்கு விளிம்புக்கு 6 மி.மீ., உள் நரம்புகளுக்கு 3 மி.மீ. என்று நான் கொடுப்பது வழக்கம். துணியின் இழுப்பை அது தாங்கும்.

பசைக்கு வந்தால், புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி, பூஞ்சைக்காகப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது அதைச் சொல்லக்கூடும். சாதாரண இரும்புக் கம்பி எங்காவது இருந்தால் வேண்டாம். மயில்துத்தத்தில் உள்ள செம்பு இரும்பின்மேல் படிந்து இரும்பை அரிக்கும். சில துளி கிராம்புத் தைலம் போதும். பசையை அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், மெல்லியதாகப் பல பூச்சுகள் கொடுங்கள், ஒன்று முழுக்கக் காயாமல் அடுத்தது வேண்டாம். உள்ளே ஈரம் சிறைப்பட்டால் பூஞ்சை அங்கிருந்துதான் புறப்படும்.

குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஆனி, ஆடியில் கூடலூர் அளவுக்குக் கொட்டாவிட்டாலும் மூடுபனி விடாது. அதனால் தை முதல் பங்குனி வரை உள்ள மாதங்களைத் துணிக்கும் பூச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வேலையை மழைக்காலத்தில் முடித்துவிடலாம். லாக்கரோ அரக்குப் பாலிஷோ அடிப்பதென்றால் பனி விலகி வெயில் ஏறிய நண்பகலை ஒட்டி மட்டும் அடியுங்கள். ஈரக்காற்றில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பரப்பில் வெள்ளை படரும்; தேய்த்தால் போகாது, பூச்சையே மறுபடி கரைக்க வேண்டியிருக்கும். எபாக்சிப் பிசின் பயன்படுத்துகிறவர்கள் கோயம்புத்தூரில் கேட்ட நேரக்கணக்கை இங்கே நம்பக் கூடாது. குளிரில் இறுக நெடுநேரம் பிடிக்கும்.

கம்பி வாங்குவது பற்றி ஒன்று. கடையில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் கேட்டால் 202 ரகத்தைக் கொடுத்துவிடுவார்கள். மலிவு, அதில் நிக்கல் குறைவு, நம் ஈரத்தில் புள்ளி புள்ளியாகப் பழுப்பு வரும். உங்களுக்கு வேண்டியது 304. அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. வெளியில் வைக்கும் வேலைக்கு மாலிப்டினம் சேர்ந்த 316, விலை கூடுதல். காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அப்படியானால் நல்ல ரகம்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். 202உம் காந்தத்தில் ஒட்டாது. ரகத்தைச் சோதிக்கத் துளித் திரவம் விற்கிறது. அதை ஒரு துளி விட்டுக் காட்டச் சொல்லுங்கள், அல்லது கோயம்புத்தூரில் ஆலைச் சான்றிதழோடு விற்கும் மொத்தக் கடையில் வாங்குங்கள். பில்லில் 304 என்று எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.